மூன்றாம் ஊசித் தேங்காய்

கக்குவான் இருமலை, புதிதாக மருத்துவிச்சி வேலைக்குப் போகிற உங்களில் பெரும்பாலானவர்கள் கண்ணால் பார்த்திருக்க மாட்டீர்கள். பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருப்பார்கள். பரீட்சையில் பதில் எழுதி மார்க்கும் வாங்கியிருப்பீர்கள். நானும் அப்படி வந்தவள்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலையும் பாதி ரப்பருமாக இருந்த ஒரு தோட்டத்துக்கு மருத்துவிச்சியாகப் போனபோது, அது ஒழிந்துபோன நோய் என்றே நினைத்தேன். அந்த நினைப்பு ஒரு கைக்குழந்தையை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு பெருமையாகச் சொல்ல எத்தனையோ இருக்கின்றன. இது பெருமைக்குரியது இல்லை, ஆனால் உங்களுக்கு இதுதான் உதவும்.

தோட்டத்தில் என்னை மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். வந்த புதிதில் எனக்குப் பெரிய தலைவலி மூன்றாவது ஊசி. தொண்டைக்கரப்பன், ஏற்புவலி, கக்குவான் மூன்றுக்கும் சேர்த்துப் போடுகிற முக்கூட்டு ஊசியை மூன்று தடவை போட வேண்டும். முதல் ஊசிக்குத் தாய்மார் வருவார்கள். அன்றைக்கே பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், தொடை வீங்கும். இரண்டாவது ஊசிக்கு அரை மனதோடு வருவார்கள். மூன்றாவதுக்கு, தோட்டத்து ஆட்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கிற லயத்துக் கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து சத்தமே வராது.

ஒரு நாள், மூன்றாவது ஊசி முடிந்த கையோடு ஒரு தாய் பிள்ளைமடுவத்துக்குப் பக்கத்தில் இருந்த மாரியம்மன் கல்லில் ஒரு தேங்காயை உடைத்தாள். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்தான் பிள்ளைமடுவம். எங்கள் ஊசிக் கிளினிக்கும் அங்கேயேதான். "மூணு கண்டமும் தாண்டியாச்சு மிஸ்ஸி" என்றாள். அடுத்த மாதம் இன்னொருத்தி உடைத்தாள். நான் விடுவேனா, கப்பென்று பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மூன்றாவது ஊசிக்கு வருகிற பிள்ளைக்கு நானே தேங்காய் வாங்கிக் கொண்டுபோவேன். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. "வேதக்கார மிஸ்ஸி மாரியம்மாவுக்குத் தேங்கா தூக்கிக்கிட்டு வர்றா" என்று லயம் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும், பிள்ளை வந்தால் போதும் என்றிருந்தேன். ஒரே வருஷத்தில் மூன்றாவது ஊசி போடாத பிள்ளை எங்கள் டிவிசனில் இல்லை என்ற நிலை வந்தது.

அப்போதுதான் ஒரு வார்த்தையை நான் வாய்க்கு வந்தபடி சொல்லிப் பழகினேன். "தேங்கா ஒடச்ச புள்ளைக்குக் கக்குவான் வரவே வராது" என்பேன். எந்த ஊசியைப் பற்றியும் அப்படிச் சத்தியம் பண்ணக் கூடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் தாய்மார் அதைத்தான் கேட்க விரும்பினார்கள், சொல்லுவது எனக்கும் இனித்தது.

எங்கள் டிஸ்பென்சரியில் மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய குளிர்ப்பெட்டி ஒன்று இருந்தது. அது கண்ணை மூடியதும் தோட்டத்துத் தொரை, "பங்களாவுக்குப் புது பிரிஜ் வந்திருக்கு, மருந்தெல்லாம் அங்க வச்சுக்குங்க" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். கிளினிக்குக்கு முதல் நாள் பின்னேரம் சுகாதார அலுவலகத்து ஜீப்பில் மருந்து வரும். நான் அதை பங்களா சமையல்காரர் சூசை அப்புவிடம் கொடுப்பேன். மறுநாள் காலையில் வாங்கிக்கொண்டு கிளினிக்குக்கு இறங்குவேன். அப்பு எதையும் சுத்தபத்தமாகச் செய்கிறவர். மருந்துப் பெட்டியை வெள்ளைத் துணியில் சுற்றித்தான் கையில் கொடுப்பார்.

காலையில் வாங்கும்போது குப்பிகள் கல்லாக உறைந்திருக்கும். நான் பயப்படவில்லை, சந்தோஷப்பட்டேன் என்பதுதான் உண்மை. அந்தத் தாழ்ந்த மலைச் சூட்டில், மூன்று மைல் நடந்து இறங்க வேண்டிய வழியில், மருந்து சூடாகிக் கெட்டுவிடுமோ என்பதுதான் என் பயமெல்லாம். உறைந்த குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டி உருக்கி, ஊசியில் எடுத்துப் போட்டேன். போலியோச் சொட்டு மருந்தும் அதே பெட்டியில்தான் இருக்கும். அது உறைந்தாலும் கெடாது. முக்கூட்டு மருந்து ஒரு தடவை உறைந்தால் செத்துப்போகும். வகுப்பில் இரண்டையும் சொல்லிக்கொடுத்தார்கள். என் காதில் ஏறியது வெயில் மட்டும்தான்.

இப்படி இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் போனது.

ஒரு நாள் பிள்ளைமடுவத்து ஆயம்மா என்னை வழிமறித்தாள். "மிஸ்ஸி, அஞ்சாறு புள்ளைக விடாம இருமுதுங்க. திங்கிறத எல்லாம் கக்கிப்புடுதுங்க" என்றாள். நான் போய்ப் பார்த்தேன். எல்லாம் தேங்காய் உடைத்த பிள்ளைகள். சளி என்று டயரியில் எழுதினேன், இருமலுக்குக் குடிக்கிற பாணி மருந்து கொடுத்துவிட்டு வந்தேன். அடுத்த வாரம் போனபோது ஒரு பிள்ளை இருமி இருமி, மூச்சு முட்டி, கடைசியில் சேவல் கூவுகிற மாதிரி ஓர் இழுப்பு இழுத்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. படத்தில் பார்த்தது அதேதான். ஆனாலும் என் கை மறுபடியும் சளி என்றுதான் எழுதியது. என் கையால் மூன்று ஊசி போட்டு என் கையால் தேங்காய் கொடுத்த பிள்ளைக்குக் கக்குவான் என்று எழுத எனக்கு மனது வரவில்லை. நோயைப் பார்க்காமல் என் ரெஜிஸ்டரைப் பார்த்து நோய்க்குப் பெயர் வைத்தேன். பத்து நாள் இப்படி வீணாகப் போனது.

கடைசியில் மனசாட்சி உறுத்தி, சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் மத்தியானம் பொதுச் சுகாதார நர்சிங் சிஸ்டர் ஜீப்பில் வந்தார். சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார், ஆனால் அதிகம் பேசமாட்டார். பிள்ளைமடுவத்தில் ஒரே ஒரு பிள்ளை இருமுவதைக் கேட்டார். "கக்கல் கஸ்ஸ" என்றார், சிங்களத்தில் கக்குவானுக்கு அதுதான் பெயர். பிறகு என் முகத்தைப் பார்க்காமலே, "மருந்து எங்க வைக்கிறது?" என்று கேட்டார்.

பங்களாவுக்குப் போனோம். சிஸ்டர் வருவதால் அன்றைய கிளினிக்கைத் தள்ளி வைத்திருந்தேன், ஆகவே முந்தின நாள் வந்த மருந்து அங்கேயே இருந்தது. சூசை அப்பு பிரிஜ்ஜைத் திறந்தார். மேலே ஐஸ் போடுகிற சின்னக் கதவையும் திறந்தார். அதற்குள்ளிருந்து வெள்ளைத் துணிப் பொட்டலத்தை எடுத்து, "கல்லு மாதிரி இருக்குங்க நோனா, ஒரு சொட்டு உருகல" என்று பெருமையோடு நீட்டினார்.

"எப்பவும் இதுக்குள்ளதான் வைக்கிறீங்களா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஆமாங்க. தொரைக்கு விருந்தாளி வந்தா ஐஸ்கிரீம அதுக்குள்ளதான் வைக்கிறது. கீழ வச்சா உருகிக் கெட்டுப்போவுதுங்களே. அதவிட மருந்து பெருசுதானேங்க."

சிஸ்டர் அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. உறைந்த குப்பி ஒன்றைத் தண்ணீரில் வைத்து உருக்கினார். அன்றைக்குத் தன் பெட்டியில் கொண்டுவந்திருந்த உறையாத குப்பி ஒன்றை எடுத்தார். இரண்டையும் ஒன்றுபோலக் குலுக்கிச் சமையலறை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இப்ப பார்த்துக்கிட்டு இரு" என்றார்.

அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கொண்டுவந்த குப்பி கஞ்சித் தண்ணீர் போலக் கலங்கலாகவே இருந்தது. என் குப்பியில் மருந்து செதில் செதிலாக அடியில் இறங்கிப் படிந்தது, மேலே தெளிந்த தண்ணீர் நின்றது. இத்தனை நாளும் பிள்ளைகளின் தொடையில் நான் குத்தியது அந்தத் தண்ணீரைத்தான். அழுகை வரவில்லை. ரெஜிஸ்டரை எடுத்துப் பார்த்தோம். அந்த பிரிஜ் வந்த பிறகு ஊசி போட்ட பிள்ளைகள் நாற்பத்தொன்று.

தொரையும் வந்து சேர்ந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "மிஸ்ஸி, மறுபடி ஊசி போடணும், அவ்வளவுதானே? எக்ஸ்ட்ரா ஊசி ஒன்னு வந்திருக்குன்னு சொல்லுங்க. அத்தன பேரும் வருவாங்க. ஊசி கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க, ஒருத்தியும் இனி புள்ளயக் கொண்டுவர மாட்டா. அப்படியே சொல்றதுன்னாலும் நாளைக்குப் பெரட்டுல நானே சொல்றேன்" என்றார். பெரட்டு என்றால் காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்புகிற இடம்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அன்றைக்கு அந்தப் பூசணிக்காய் எனக்குத் தேவையாக இருந்தது. எனக்கு வேலை போகும் என்ற பயம். தாய்மார் முகத்தைப் பார்க்கிற பயம் அதைவிடப் பெரிசு. நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் பெட்டியை மூடிக்கொண்டே, "மேலிடத்துக்கு நான் ரிப்போர்ட் எழுதுவேன். தாய்மாருக்கு என்ன சொல்றதுங்கிறத நீ முடிவு பண்ணு. நான் பின்னேரம் போயிருவேன். நீதான் இங்க இருக்கப்போற" என்றார்.

இந்த இடத்தை நன்றாகக் கவனியுங்கள். எக்ஸ்ட்ரா ஊசி என்று சொன்னால் ஊசிக்கு ஆள் வரும். ஆனால் இப்போது வீட்டில் இருமிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு வந்திருப்பது என்ன என்று அந்தத் தாய் நினைப்பாள்? தேங்காய் உடைத்தாயிற்று, கக்குவான் வராது, மிஸ்ஸியே சொல்லிவிட்டாள், ஆகவே இது சளி என்றுதான் நினைப்பாள். அந்தப் பிள்ளையைக் கைக்குழந்தையின் பக்கத்திலேயே படுக்கவைப்பாள். அப்படி ஒரு வீடு உடனே என் ஞாபகத்துக்கு வந்தது. தெய்வானை வீடு. மூத்தவன் ரவிக்கு இரண்டு வயது, மூன்று ஊசியும் போட்டவன், பத்து நாளாக இருமுகிறவன். இளையவள் சுகந்தி பிறந்து ஆறு வாரம், மூன்று மாதத்தில் போடுகிற முதல் ஊசிக்கு வயதே இன்னும் வராதவள். லயத்தில் காம்பரா என்கிற ஒரே அறை, ஒரே பாய்.

அப்போதுதான் எனக்குத் தெளிந்தது. உண்மையைச் சொல்வது என் மனசாட்சிக்காகச் செய்கிற புண்ணியம் இல்லை. அன்றைக்கு அந்தத் தோட்டத்துக்கு என் கையில் இருந்த முதல் மருந்தே அதுதான். மருந்தை நாளைக்குக் கொடுக்கலாம் என்று யாரும் தள்ளிப்போடுவதில்லை. "பெரட்டு வரைக்கும் தாங்காதுங்க தொரை. கொழுந்து நிறுக்கிற எடத்துல இப்பவே சொல்லிர்றேன்" என்றேன். அவர் கையை விரித்தார், தடுக்கவில்லை.

நாலு மணிக்குக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"புள்ளைகளுக்கு நான் போட்ட ஊசி வேல செய்யாது. மருந்து உறைஞ்சு கெட்டுப்போயிருக்கு. எனக்குத் தெரியாமப் போட்டுட்டேன். இப்ப இருமுற புள்ளைகளுக்கு வந்திருக்கிறது கக்குவான். வீட்டுல கைப்புள்ள இருந்தா இன்னைக்கே, இப்பவே தள்ளிப் படுக்க வைங்க. இருமுற வீட்டுக்கெல்லாம் சிஸ்டர் பாணி மருந்து குடுப்பாங்க. நாளைக்கு நல்ல மருந்து வருது, முதல்ல இருந்து போடணும்."

பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "அப்புதான் ஐஸ் பொட்டியில வச்சுக் கெடுத்தானாம்ல?" என்றாள். தோட்டத்தில் சேதி காலில்லாமல் நடக்கும். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நான் கரையேறியிருக்கலாம். ஒரு நொடி ஆசையும் வந்தது.

"அவருகிட்டக் குடுத்தது நான். எப்படி வைக்கணும்னு சொல்லாதது நான். உறைஞ்ச மருந்தக் கையில வச்சு உருக்கிக் குத்துனதும் நான்தான்" என்றேன்.

"அப்ப நாங்க ஒடச்ச தேங்கா?" என்று இன்னொருத்தி கேட்டாள். கோபத்தோடு கேட்கவில்லை, அதனால்தான் அது இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. ஒருத்தி காறித் துப்பிவிட்டுப் போனாள். நாலைந்து பேர் கொழுந்தை நிறுக்காமலே கூடையைப் போட்டுவிட்டு லயத்தைப் பார்த்து ஓடினார்கள். அவர்கள் ஓடியதைப் பார்த்ததும், சொன்னது சரி என்று எனக்குத் திடம் வந்தது.

தெய்வானை பிள்ளைப்பேற்று லீவில் வீட்டில் இருந்ததால் நான் லயத்துக்கு இறங்கினேன். வாசலில் அவள் புருஷன் பால்வாளி கழுவிக்கொண்டிருந்தான். ரப்பர் மரத்துக்குப் பால் வெட்டுகிறவன். உள்ளே அவள் சுகந்திக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். ரவி அவள் முதுகில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தான். நான் அவனைத் தூக்கி வெளியே புருஷன் கையில் கொடுத்துவிட்டு, நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"நீங்கதானே மிஸ்ஸி வராதுன்னு சொன்னீங்க" என்றாள்.

"சொன்னேன். தப்பாச் சொல்லிட்டேன் தெய்வானை. இவளுக்கு இருமல் இருக்கா?"

"இருமல் ஒன்னுமில்ல. காலையில பால் பொரையேறிருச்சு. கொஞ்சம் நீலம் பாஞ்சுச்சு, தட்டுனேன், சரியாப்போச்சு. மத்தியானமும் ஒரு தடவ."

இதைப் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிக்காதீர்கள், மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறு வாரக் குழந்தைக்குக் கக்குவான் வந்தால் சேவல் மாதிரி இழுக்காது. இருமக்கூட வேண்டியதில்லை. மூச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். தாய்க்கு அது பால் புரையேறினது போலத்தான் தெரியும்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சுகந்தி முலையை விட்டாள். வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் இல்லை. உதடு நாவற்பழ நிறத்துக்கு மாறியது. நான் பிடுங்கிக் கையில் குப்புறப் போட்டு, முதுகைத் தேய்த்து, உள்ளங்காலைச் சுண்டி, வாயைத் துடைத்து மூச்சு ஊதினேன். எத்தனை தடவை ஊதினேன் என்று நினைவில்லை. அவள் ஒரு தடவை உடம்பை முறுக்கிவிட்டு அழுதாள். அதைவிட இனிமையான சத்தத்தை நான் என் உத்தியோகத்தில் கேட்டதில்லை. சிஸ்டரின் ஜீப் மேல் டிவிசனுக்கு மருந்து கொடுக்கப் போயிருந்தது. பேக்டரிக்குப் போகிற கொழுந்து லொறியைப் புருஷன் ரோட்டில் குறுக்கே நின்று மறித்தான். கொழுந்துச் சாக்கின் மேல் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகிற வழியில் இன்னும் இரண்டு தடவை மூச்சு நின்றது. இரண்டு தடவையும் திரும்ப வந்தது.

மறுநாள் பெரட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இன்றுவரை பார்க்கத் துணியவில்லை.

நாற்பத்தொரு பிள்ளைகளில் முப்பத்து மூன்று பேர் மறுநாளே வந்தார்கள். தொரை சொன்னது கொஞ்சம்தான் பலித்தது. மிச்சம் எட்டு வீடுகளுக்கு மாதக் கணக்கில் நடந்தேன். ஒரு வீட்டில் கதவை முகத்தில் அறைந்து சாத்தினார்கள். மறுவாரமும் போனேன். அதற்கு அடுத்த வாரமும் போனேன். ஆறு வீடு திறந்தது. இரண்டு வீடு நான் அந்தத் தோட்டத்தை விட்டுப் போகிறவரை திறக்கவில்லை. விசாரணை நடந்து, என் பெர்சனல் பைலில் ஒரு கடிதமும் ஏறியது. அதை மறுத்து நான் எதுவும் எழுதவில்லை, அதில் இருந்தது உண்மை. சூசை அப்பு ஒரு கயிற்றை எடுத்து, மருந்து வருகிற நாளில் ஐஸ் கதவைக் கட்டிப்போட்டுவிடுவார். தொரைக்கு விருந்தாளி வந்தாலும் அன்றைக்கு ஐஸ்கிரீம் கிடையாது.

சுகந்தி ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, எலும்பும் தோலுமாக, உயிரோடு திரும்பினாள். கொஞ்சம் தேறிய பிறகு டாக்டர் ஊசி போடச் சொல்லி அனுப்பினார். கக்குவான் வந்துபோனாலும் மற்ற இரண்டு நோய்க்கும் பாதுகாப்பு வேண்டுமே. தெய்வானை வருவாள் என்று எனக்கு நம்பிக்கையில்லை. வந்தாள். வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் பிள்ளையை நீட்டவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே, வெறுங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"குப்பியக் குடுங்க மிஸ்ஸி."

சமையலறை மேசையில் நடந்ததை அப்பு அவளிடம் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். கொடுத்தேன். குலுக்கினாள். வெளிச்சத்துக்கு நேரே மேசையில் வைத்துவிட்டு, எதிரே பாயில் உட்கார்ந்துகொண்டாள். அரை மணி நேரம். பின்னால் நின்ற தாய்மார் யாரும் அவசரப்படவில்லை, ஒவ்வொருத்தியாகக் கிட்ட வந்து குனிந்து பார்த்தார்கள். மருந்து கலங்கலாகவே நின்றது. "இப்பக் குத்துங்க" என்று பிள்ளையை என் மடியில் வைத்தாள். அடுத்த மாதம் நாலு பேர் கை நீட்டினார்கள். அதற்குப் பிறகு எல்லோருமே நீட்டினார்கள். மூன்றாவது ஊசிக்குத் தேங்காய் உடைப்பதும் நிற்கவில்லை. ஆனால் குப்பியைப் பார்த்த பிறகுதான் உடைப்பார்கள். அவரவர் தேங்காயை அவரவரே கொண்டுவந்தார்கள், என்னிடம் வாங்கவில்லை.

கக்குவான் ஒழிந்துவிட்டது என்று உங்களிடமும் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். எங்கேயாவது ஒரு பெட்டி உறைகிற வரைக்கும், யாராவது ஒருத்தி சளி என்று எழுதுகிற வரைக்கும் அது காத்திருக்கும். உங்களில் யாராவது அந்தத் தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனால், முதல் கிளினிக்குக்கே அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். தாய்மார் பிள்ளையைத் தருவதற்கு முன்னால் கையை நீட்டுவார்கள். முகம் சுளிக்காமல் குப்பியைக் கொடுங்கள்.